சிலிண்டர் எத்தனை என்று கேட்பதற்கு முன் படிக்கட்டில் இறங்கிப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இது. திருப்பூரில் தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடியும் கொண்ட ஒரு பனியன் கம்பெனி. கீழே துணி குடோனும் கட்டிங்கும், முதல் மாடியில் தையல், அதற்கு மேல் செக்கிங், அயர்னிங், பேக்கிங். மொத்தம் 90 பேர். போன வாரம் தையல் மாடியில் ஒரு ஸ்விட்ச் போர்டு தீப்பிடித்தது. ஒருவர் குடத்துத் தண்ணீரோடு ஓடிவந்தார். இன்னொருவர் சிலிண்டரைத் தூக்கி வந்து, பின்னைக் கழற்றத் தெரியாமல் நின்றார். அதற்குள் எலக்ட்ரீஷியன் மெயினை இறக்கிவிட்டதால் போர்டோடு போயிற்று. "இன்னும் எத்தனை ஃபயர் சிலிண்டர் வாங்கி மாட்டினால் எங்களுக்குப் பயம் இருக்காது?" என்று கேட்கிறார் அந்தக் கம்பெனியின் மேனேஜர்.

தீயணைப்புத் துறையில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம்தான். உங்கள் கம்பெனியைப் பார்த்ததில்லை, ஆனால் அதைப் போன்ற நூற்றுக்கணக்கான கட்டடங்களின் படிக்கட்டு எனக்குத் தெரியும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சிலிண்டர் கணக்கு சுலபம், அதை முதலில் முடித்துவிடுவோம். மாடியில் எந்த மூலையில் நின்றாலும் 15 மீட்டர் நடப்பதற்குள் ஒரு சிலிண்டர் கைக்கு வர வேண்டும். இந்தியத் தர அமைவனத்தின் ஐஎஸ் 2190 சொல்லும் அளவு அது. உங்கள் அளவுக் கட்டடத்துக்கு மாடிக்கு நான்கைந்து போதும். ஒருவேளை இப்போதே அவ்வளவு இருக்கலாம். கேள்வி அங்கே முடியவில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது: ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஓவர்டைம் ஓடும் ஒரு ராத்திரி, தீ தையல் மாடியில் பிடிக்காமல் கீழே குடோனில் பிடித்தால், மேலே இருக்கும் அறுபது எழுபது பேர் எந்த வழியாக வெளியே வருவார்கள்?

2012 நவம்பர் 24 அன்று, டாக்காவை அடுத்த ஆஷூலியாவில் தஸ்ரீன் ஃபேஷன்ஸ் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நடந்தது இதுதான். தரைத்தளத்தில் நூலும் துணியும் அடுக்கியிருந்த இடத்தில் தீ. மேலிருந்து இறங்க மூன்று படிக்கட்டுகள் இருந்தன, மூன்றும் அந்தத் தரைத்தளத்துக்குள்ளேயே போய் முடிந்தன. வெளியே தனியாக இறங்கும் படி கிடையாது. அலாரம் அடித்தது. எழுந்தவர்களை மேற்பார்வையாளர்கள் "ஒன்றும் இல்லை, உட்கார்ந்து வேலையைப் பாருங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள். கம்பிக் கேட்டுகள் பூட்டிக் கிடந்தன. புகை மேலே வந்த பிறகு எக்ஸாஸ்ட் ஃபேனைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த ஓட்டை வழியாகக் குதித்தவர்கள் உண்டு. குறைந்தது 112 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். உங்கள் தையல் மாடியில் உட்கார்ந்திருப்பவர்களைப் போன்றவர்கள்.

கீழே குடோன், மேலே ஆட்கள் என்ற அமைப்பு திருப்பூரில் சாதாரணம். துணி ரோல் கனம், லாரியிலிருந்து இறக்க வசதி, அதனால் கீழே வைக்கிறோம். அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். குடோனுக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் முழுச் சுவர் எழுப்பி, தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு போட வேண்டும் என்றுதான் சொல்வேன். அந்தக் கதவுக்கு யாரும் செங்கல்லை முட்டுக் கொடுக்கக் கூடாது. காற்று வரட்டும் என்று முட்டுக் கொடுப்பார்கள், பார்த்திருக்கிறேன். கீழே தீப்பிடித்தால் புகை முதலில் ஏறுவது படிக்கட்டு வழியாகத்தான். ஜன்னலில் ஜ்வாலை தெரிவதற்கு முன்பே படிக்கட்டு கருத்துவிடும். ஆகவே இரண்டாவது படி ஒன்று, கட்டடத்தின் எதிர்முனையில், நேராக வெளியில் இறங்குவதாக இருந்தே ஆக வேண்டும். அது இரும்புப் படியாக இருந்தால் வருடம் ஒருமுறை துருவைப் பாருங்கள். அதன்மேல் பழைய மெஷின் ஸ்டாண்டையும் காலி கோன் மூட்டையையும் ஏற்றிவைக்காதீர்கள்.

ஒரு கம்பெனியின் பெயர் சொல்லாமல் ஒன்று சொல்கிறேன். இரவு எட்டே முக்கால் இருக்கும். நாங்கள் போனபோது தீ சின்னதுதான், பேக்கிங் பக்கம் அட்டைப்பெட்டிகள். ஆனால் பின்பக்கப் படியின் அடியில் மடக்குக் கேட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் இருபது பெண்கள். வாட்ச்மேன் நடுங்கிக்கொண்டு நிற்கிறார். "சாவி மொதலாளி ஊட்டுல இருக்குதுங்க சார். பீஸு வெளிய போகுதுன்னு ராத்திரியில பூட்டச் சொல்லிட்டாங்க." கட்டர் வைத்து அறுத்தோம். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த இரண்டு நிமிடமும் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் இன்னும் எனக்கு நினைவில் இருக்கின்றன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தீ சின்னதாக இருந்ததால் ஆகவில்லை, அவ்வளவுதான்.

துணி திருட்டுப் போகிறது என்று கதவைப் பூட்டுவது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. நியூயார்க்கில் 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் ஷர்ட்வெய்ஸ்ட் என்ற தையல் தொழிற்சாலையில் 146 பேர் இறந்தபோது, ஒன்பதாவது மாடியில் ஒரு படிக்கட்டின் கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகும் பெண்களின் பையைச் சோதிக்க, எல்லாரையும் ஒரே வழியாக அனுப்ப வேண்டும் என்பதற்காக. நம் நாட்டில் தொழிற்சாலைகள் சட்டம் 1948-ல் எழுதப்பட்டபோதே அதன் 38-வது பிரிவில் இது இருந்தது: உள்ளே ஆள் இருக்கும் நேரத்தில், வெளியேறும் கதவை உள்ளிருந்து உடனே திறக்க முடியாதபடி பூட்டக் கூடாது, கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். திருட்டுக்குப் பயமென்றால் கேமரா வையுங்கள், கதவைத் திறந்தால் மணி அடிக்கும்படி செய்யுங்கள். உள்ளிருந்து ஒரு தள்ளுத் தள்ளினால் திறக்கும் கம்பித் தாழ் கடையில் கிடைக்கிறது. ரோலிங் ஷட்டரை வழி என்று கணக்கில் எடுக்காதீர்கள், கரண்ட் போய்ப் புகை சூழ்ந்த நேரத்தில் அதை யாரும் தூக்கமாட்டார்கள்.

அந்த நியூயார்க் தீயை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் அது அப்படியே உங்கள் கட்டிங் செக்‌ஷன். தீ தொடங்கியது எட்டாவது மாடியில், கட்டிங் டேபிளுக்கு அடியில் இருந்த வெட்டுத்துணிப் பெட்டியில். தீக்குச்சியோ சிகரெட் துண்டோ விழுந்திருக்க வேண்டும் என்பது அன்றைய முடிவு. அந்த வேஸ்ட் இரண்டு மாதத்துக்கு மேலாக அள்ளப்படவில்லை. அணைக்க ஓடியவர்கள் குழாயைத் திறந்தார்கள், தண்ணீர் வரவில்லை. எட்டாவது மாடியிலிருந்து பத்தாவது மாடியில் இருந்த அலுவலகத்துக்குப் போனில் சொல்லிவிட்டார்கள், முதலாளிகள் கூரை வழியாகத் தப்பினார்கள். ஒன்பதாவது மாடிக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே தீ வந்துதான் செய்தி சொன்னது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்த மாடிக்காரர்கள். தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது.

இதிலிருந்து உங்களுக்கு இரண்டு வேலை. ஒன்று, கட்டிங் வேஸ்ட் தினம் ஷிப்ட் முடியும்போது கட்டடத்தை விட்டு வெளியே போக வேண்டும். வேஸ்ட் வியாபாரி வாரம் ஒருமுறைதான் வருவார் என்றால், அவர் வரும்வரை மூட்டைகள் காம்பவுண்டில் தனிக் கொட்டகையில் இருக்கட்டும், படிக்கு அடியில் வேண்டாம். இன்னொன்று, மணி. எந்த மாடியில் பொத்தானை அழுத்தினாலும் மூன்று மாடியிலும் அடிக்க வேண்டும். நாற்பது ஓவர்லாக், ஃபிளாட்லாக் தையல் மெஷின்கள் ஓடும் சத்தத்திலும் ஹெட்போன் மாட்டியவர் காதிலும் விழ வேண்டும் என்றால் மணியோடு சுழலும் சிவப்பு விளக்கும் வேண்டும். கரண்டை நம்பாமல் பேட்டரியில் ஓட வேண்டும். முக்கியமாக, மணி அடித்தபின் "உட்காருங்க, நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்று சொல்லும் அதிகாரம் சூப்பர்வைசருக்கோ உங்களுக்கோ முதலாளிக்கோ இருக்கக் கூடாது. மணி அடித்தால் இறங்கவேண்டியதுதான். பொய் மணியாக இருந்தால் பத்து நிமிட உற்பத்தி போகும். அதற்குப் பீஸ் ரேட்காரர்களின் கூலியில் கை வைக்கமாட்டோம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் எழுந்திருக்கமாட்டார்கள்.

இனி, தீ ஏன் பிடிக்கிறது. பத்திரிகையில் "மின்கசிவே காரணம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்தச் சொல் எதையும் விளக்குவதில்லை. உங்கள் போர்டில் நடந்தது அனேகமாக லூஸ் கனெக்‌ஷன். திருகு தளர்ந்த இடத்தில் தொடுபரப்பு குறைகிறது, அங்கே மட்டும் சூடு ஏறுகிறது, சூட்டில் செம்பு விரிந்து சுருங்கி இன்னும் தளர்கிறது, பிளாஸ்டிக் கருகுகிறது. எம்சிபி என்னும் தானாக விழும் ஸ்விட்ச் ஏன் விழவில்லை என்று கேட்பார்கள். எம்சிபி பார்ப்பது கரண்டின் அளவை. லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ விழும். தளர்ந்த இணைப்பில் கரண்டு கூடுவதில்லை, சூடுதான் கூடுகிறது. அதனால் எம்சிபி மாட்டியிருக்கிறோம் என்ற நிம்மதி இந்த விஷயத்தில் உதவாது. எர்த்துக்குக் கசியும் கரண்டால் வரும் தீயைத் தடுக்க மெயினில் 300 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கசிவைக் கண்டதும் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச், போடலாம், போடுங்கள். லூஸ் கனெக்‌ஷனுக்கு வைத்தியம் கையால்தான்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெயினை இறக்கிவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு போர்டையும் திறந்து திருகுகளை இறுக்க வேண்டும், நிறம் மாறிய வயரை மாற்ற வேண்டும். எரிந்துபோன போர்டைக் கழற்றி எறிவதற்கு முன் அவரைக் காட்டச் சொல்லி நீங்களே பாருங்கள். எந்த முனை அதிகம் உருகியிருக்கிறது என்று பார்த்தால் கதை தெரியும். அதே லைனில் பின்னால் சேர்த்த மெஷின்கள் எத்தனை என்றும் எண்ணுங்கள். லே-அவுட் மாற்றும்போதெல்லாம் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயிண்டில் நான்கு மெஷின் கூடிவிடும்.

அடுத்தது பஞ்சுத்தூசி. மெஷினின் மேலும் டியூப்லைட் பட்டியின் மேலும் போர்டுக்குள்ளும் படியும் அந்தச் சாம்பல் நிறப் பொடி காய்ந்த பஞ்சு. ஒரு பொறி பட்டால் தூசி படிந்த பரப்பு முழுக்க நொடியில் தீ ஓடிவிடும், கண்ணால் துரத்தக்கூட முடியாது. கம்ப்ரஸர் ஹோஸால் மெஷினை ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் இருக்கிறதே, அது தூசியை ஓரிடத்திலிருந்து எடுத்துப் போர்டுக்குள்ளும் மோட்டாருக்குள்ளும் திணிக்கிறது. வேக்வம் வைத்து உறிஞ்சுங்கள். போர்டுகளுக்கு இடைவெளி இல்லாத மூடி போடுங்கள்.

மூன்றாவது, யாரும் பேசாத ஸ்பாட் கன். கறை எடுக்கும் அந்த ஸ்பிரேக்குள் இருப்பது பல இடங்களில் சட்டென்று தீப்பிடிக்கும் கரைப்பான். அதன் ஆவி காற்றைவிடக் கனம், மேஜையிலிருந்து வழிந்து தரையோடு போகும். பக்கத்திலேயே அயர்ன் பாக்ஸ். இரண்டு டேபிளையும் பிரித்து வையுங்கள், கறை எடுக்கும் இடத்துக்கு எக்ஸாஸ்ட் கொடுங்கள், அன்றைய தேவைக்கு மட்டும் கேன் மேலே வரட்டும். மற்றபடி குடோனில் போன் சார்ஜர், ஜெனரேட்டர் பக்கத்தில் டீசல் கேன், மாடியில் டீ போடும் ஹாட் பிளேட், இவையெல்லாம் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். குடோனில் டியூப்லைட்டுக்கும் துணி அடுக்குக்கும் நடுவில் அரை மீட்டராவது விடுங்கள். ஷெட்டில் வெல்டிங் வேலை நடந்தால், முடிந்த பிறகு ஒரு மணி நேரம் ஓர் ஆள் அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பஞ்சைப் பற்றி இன்னொன்று. அது அணைந்ததுபோல் நடிக்கும். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டைகின் கப்பல் வெடித்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அதில் வெடிமருந்தோடு பஞ்சு பேல்களும் இருந்தன, புகை முதலில் கிளம்பியது பஞ்சு இருந்த அறையில். தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தும் உள்ளுக்குள் கனன்ற தீ அடங்கவில்லை, வெடிமருந்து வெடித்தது. அணைக்கப்போன எங்கள் துறைக்காரர்கள் 66 பேர் மாண்டார்கள். ஒவ்வொரு ஏப்ரல் 14-லும் நாங்கள் அஞ்சலி செலுத்துவது அவர்களுக்குத்தான். உங்களிடம் வெடிமருந்து இல்லை, ஆனால் துணி ரோலும் வேஸ்ட் மூட்டையும் அதே குணம் கொண்டவை. பவுடர் சிலிண்டர் அடித்தால் மேலே ஜ்வாலை போய்விடும், உள்ளே கங்கு இருக்கும். மூன்று மணி நேரம் கழித்து, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, மறுபடி எரியும். எரிந்த மூட்டையை வெளியே இழுத்துப் பிரித்து, தண்ணீர் விட்டு ஊறவைக்க வேண்டும். ஆகவே கீழ்த்தளத்தில் பவுடர் மட்டும் போதாது, தண்ணீர் சிலிண்டரும் ஹோஸ் ரீலும் வேண்டும். போர்டு, பேனல் பக்கம் கார்பன் டை ஆக்சைடு. அதைத் தூசியும் வெட்டுத்துணியும் கிடக்கும் இடத்தில் அடித்தால் வேகத்தில் எரியும் துணுக்குகள் பறந்துபோய் வேறிடத்தில் பற்றும். குடத்துத் தண்ணீரோடு ஓடிவந்தவரை நாளைக்கே கூப்பிட்டு, நல்ல மனதோடு ஓடிவந்ததற்கு நன்றி சொல்லிவிட்டு, கரண்டு போகாத போர்டில் தண்ணீர் ஊற்றினால் அவர் உயிர் போயிருக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

சிலிண்டர் பயன்படுத்தும் முறை கஷ்டமே இல்லை. சீல் கம்பியை முறுக்கிப் பின்னை இழுக்க வேண்டும். பிடியை அழுத்திக்கொண்டு பின்னை இழுத்தால் வராது, பாதிப்பேர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, ஜ்வாலையின் நுனியில் அடிக்காமல் அடியில் அடித்து, இடமும் வலமுமாக வீச வேண்டும். ஆறு கிலோ சிலிண்டர் சுமார் இருபது விநாடிக்குள் காலி. ஒன்றில் அடங்கவில்லையென்றால், அல்லது தீ உங்கள் இடுப்புயரத்தைத் தாண்டிவிட்டால், போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். உங்கள் முதுகுப் பக்கம் எப்போதும் வாசல் இருக்க வேண்டும். ஆளுக்கு ஒருமுறையாவது கையால் பிடித்து அடித்துப் பார்க்கட்டும். ரீஃபில் நாள் வரும் பழைய சிலிண்டர்களை வீணாக அனுப்பாமல், காம்பவுண்டில் ஒரு தகரத்தில் வெட்டுத்துணியைக் கொளுத்திப் பழக்குங்கள்.

101-க்கோ 112-க்கோ போன் செய்வது யார் என்று பெயர் சொல்லி இரண்டு பேரை வையுங்கள். "யாராவது பண்ணியிருப்பாங்க" என்று எண்பது பேரும் நினைத்து, யாரும் பண்ணாமல் எங்களுக்குப் பத்து நிமிடம் கழித்துத் தகவல் வந்த நாட்கள் உண்டு. அணைக்க முயன்று தோற்ற பிறகு கூப்பிடாதீர்கள், மணி அடிக்கும்போதே கூப்பிடுங்கள். கம்பெனிப் பெயரைவிட எந்த ரோட்டில் எந்தக் கோயிலுக்கோ பேக்கரிக்கோ எதிர்ச்சந்து என்று சொல்வது வண்டிக்கு உதவும். ஓர் ஆள் மெயின் ரோட்டு முனையில் வந்து நிற்கட்டும். சந்தில் நிற்கும் லோடு ஆட்டோக்களை அதற்குள் நகர்த்திவிடுங்கள்.

இறங்கி வந்தபின் ஆள் எண்ண வேண்டும். இதில்தான் பனியன் கம்பெனிகள் தோற்கின்றன. வருகைப் பதிவேட்டில் 62 பேர் இருப்பார்கள், கான்ட்ராக்டர் கூட்டிவந்த 28 பேர் அவருடைய சின்ன நோட்டில் இருப்பார்கள், அவர் அன்றைக்கு வந்திருக்கமாட்டார். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று எங்கள் ஆள் கேட்டால் பதில் தெரியாது. தெரியாத பதிலுக்காக எங்கள் பையன்கள் புகைக்குள் போவார்கள். தினம் காலையில் மாடிவாரியாக, கான்ட்ராக்டர் ஆட்களையும் சேர்த்து, ஒரே தாளில் எண்ணிக்கை எழுதி வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் ஆட்களில் ஒடிசா, பீகார்க்காரர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு "தீ, தீ" என்று கத்தினால் புரியாது. தீயைக் குறிக்கும் "ஆக்" என்ற இந்திச் சொல்லை உங்கள் தமிழ் சூப்பர்வைசர்களும் கற்றுக்கொள்ளட்டும், வழிகாட்டிப் பலகை இந்தியிலும் ஒடியாவிலும் இருக்கட்டும். குழந்தைகள் காப்பகம் இருந்தால் அது தரைத்தளத்தில் வாசலை ஒட்டி இருக்க வேண்டும், குழந்தைகளை வெளியே கொண்டுவர இரண்டு ஆள் பெயர் சொல்லி இருக்க வேண்டும். தன் பிள்ளை வெளியே வந்துவிட்டது என்று தெரியாத தாய் புகைக்குள் திரும்பி ஓடுவாள். யாராலும் தடுக்க முடியாது.

புகையில் மாட்டினால் குனிந்து, தவழ்ந்து வர வேண்டும், நல்ல காற்று தரையோரம்தான் இருக்கும். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கரித்துகளை அது கொஞ்சம் தடுக்கும், கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைத் தடுக்காது. அதை நம்பி உள்ளே பொருள் எடுக்கப் போகாதீர்கள். லிஃப்ட் வேண்டாம். உடையில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் உருள வேண்டும். தீப்புண்ணில் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் விடுங்கள், பேஸ்ட்டோ இங்க்கோ மாவோ தடவாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அருகில் இருக்கும் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதி, ஒத்திகை நடத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள், வருவார்கள். தேதியை ஆட்களிடம் சொல்லாதீர்கள். முதல் ஒத்திகையை மதியம் டீ நேரத்தில் வைக்காமல், ஓவர்டைம் ஓடும் ராத்திரியில், மெயினை இறக்கிவிட்டு, ஒரு படிக்கட்டில் நாற்காலியைப் போட்டு "இந்த வழி புகை" என்று மறித்துவிட்டு நடத்துங்கள். கடைசி ஆள் வெளியே வர எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் போனால், எந்தத் திருப்பத்தில் கூட்டம் நின்றது, அங்கே என்ன பெட்டி அடுக்கியிருந்தது என்று எனக்கு எழுதுங்கள். அதிலிருந்து மேற்கொண்டு பேசலாம்.